மலைப்பாதையில் 4,500 லிட்டர்: நீலகிரியில் புதிய தீயணைப்பு வண்டிகள்

பெருநகரத்துக்கு எழுதிய டெண்டரை அப்படியே நகலெடுத்து வாங்கிய தீயணைப்பு வண்டி நீலகிரியில் எப்படி உழைக்கும் என்பது முதல் மாதத்தில் தெரியாது. ஆடி மழை, மார்கழி உறைபனி, மாசி பங்குனிக் காட்டுத்தீ மூன்றையும் அது பார்த்த பிறகுதான் பேச முடியும். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், பழையதை ஒட்டுப்போட்டு ஓட்டும் காலம் முடிந்துவிட்டது. இப்போது வருபவை எல்லாம் பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு அளவுக்குக் கட்டிய எஞ்சின் வண்டிகள்.

இங்கே பேசப்போவது இரண்டு வகையைப் பற்றி. ஒன்று, 16 டன் வகுப்பு இரண்டு ஆக்சில் சேசிஸில் 4,500 லிட்டர் தொட்டி, பின்பக்கம் நிமிடத்துக்கு 2,250 லிட்டர் தள்ளும் பம்ப், 63 மி.மீ. டெலிவரிகள் (ஹோஸ் மாட்டும் வெளியேற்ற வாய்கள்), சுருளில் சுற்றிய மெல்லிய உயர் அழுத்த ஹோஸ் ரீல் கொண்ட பெரிய வண்டி. இன்னொன்று, இலகு ரக சேசிஸில் 2,000 லிட்டரோ அதற்கும் குறைவாகவோ தண்ணீர் எடுக்கும் சின்ன வண்டி. லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து வாங்கினால் பெரியது இங்கே பாதி வண்டிதான். ஏன் என்பதைப் பகுதி பகுதியாகப் பார்க்கலாம்.

முதலில் எடை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 320ஐ ஒட்டி. 16 டன் வண்டி இந்த 1,900 மீட்டரை இறங்கும்போது ஏறக்குறைய 300 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். 900 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. பிரேக் டிரம்முக்கும் லைனிங்குக்கும் அத்தனையும் போனால் பர்லியார் வருவதற்குள் பெடல் பிடிப்பு தளர்ந்துவிடும். ஏறும் கியரிலேயே இறங்குவது பழைய பாடம். புதிய வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வண்டியை மெதுவாக்குவது) இருப்பதால் டிரைவர்கள் ஒரு கியர் கூட்டிப் போட்டு இறங்கப் பார்க்கிறார்கள், அதுதான் தவறு. எஞ்சின் சுழற்சி குறைந்தால் எக்ஸாஸ்ட் பிரேக்கின் பிடியும் குறையும். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஏறும் கியரும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்தால் போதும். கல்லட்டியின் 36 வளைவுகளில் முழுத் தொட்டியோடு மசினகுடிப் பக்கம் இறங்க வேண்டியிருந்தால், ரிடார்டர் (பிரேக் லைனிங்கைத் தேய்க்காமல் வேகத்தைக் குறைக்கும் துணைக் கருவி) இல்லாத வண்டிக்குத் தொட்டியைக் காலி செய்துவிட்டு இறங்கி, கீழே நிரப்பிக்கொள்வதே பாதுகாப்பு. காலி என்றால் முழுக் காலி. பாதித் தொட்டிதான் மிக மோசம், வளைவில் தண்ணீர் ஒருபக்கம் சாய்ந்து வண்டியைத் தள்ளும். உள்ளே தடுப்புத் தகடுகள் முன்பின் அலையை அடக்குகின்றன. பக்கவாட்டு அலைக்கு நீளவாக்கில் ஒரு தடுப்பு வேண்டும், சில பாடி கட்டுநர்கள் அதை மிச்சப்படுத்திவிடுகிறார்கள். தொட்டியின் மேன்ஹோலைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள்.

ஏற்றத்தில் வேறு சிக்கல். டர்போ எஞ்சின் இந்த உயரத்தில் சக்தியைப் பெரிதாக இழப்பதில்லை, ஆனால் டர்போ சுழலத் தொடங்குவதற்கு முன்னால் உள்ள குறைந்த சுழற்சியில் எஞ்சின் சோம்பல். கொண்டை ஊசியில் நின்று எடுக்கும்போது டிரைவர் கிளட்சை நழுவவிட்டுத்தான் கிளப்ப முடிகிறது. அதனால் கிளட்ச் பிளேட் சமவெளி நிலையங்களைவிடச் சீக்கிரம் தேய்கிறது.

பின்பக்கத் தொங்கல் பற்றி யாரும் டெண்டரில் எழுதுவதில்லை. பின் ஆக்சிலுக்கு அப்பால் பம்ப் பேனலும் படியும் நீண்டு நிற்கின்றன. வளைவின் உட்புறம் செங்குத்தாக ஏறும் இடங்களில் படி தார்ச்சாலையில் உரசுகிறது, அதை அடுத்து அடி வாங்குவது கீழ் டெலிவரி வால்வும், பம்பில் நிற்கும் தண்ணீரை வடிக்கும் சின்னத் திருகான ‘வடிகால் காக்’கும். அந்தக் காக் வளைந்தால் பம்பில் காற்று புகும். பிறகு பம்ப் சக்ஷன் எடுக்காததற்கு, அதாவது தண்ணீரை உறிஞ்சாததற்கு, என்னென்னவோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சரிவில் நிறுத்திப் பம்ப் ஓட்டுவது இங்கே அன்றாட வேலை. எஞ்சின் சக்தியைப் பம்புக்குத் திருப்பும் பி.டி.ஓ.வுக்கு மாற்றியதும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். கியரில்தானே நிற்கிறது என்ற தைரியம் செல்லாது, 16 டன்னையும் ஹேண்ட் பிரேக் ஒன்றே தாங்குகிறது. ஆகவே ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, இறக்கப் பக்கத்தில் இரண்டு பின்சக்கரங்களுக்கும் கட்டை வைத்த பிறகே பம்ப். கட்டை வண்டியோடு வரும் மெல்லிய தகரமாக இருந்தால் ஈரச் சாலையில் வழுக்கும். கனமான ரப்பர் கட்டை வாங்கி, கீழ் லாக்கரில் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

அதே சரிவு தண்ணீரையும் திருடும். தொட்டியின் வெளியேற்றக் குழி பின்பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். பத்துக்கு ஒன்று சரிவில் வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றால், 3 மீட்டர் நீளத் தொட்டியின் முன்மூலையில் 30 செ.மீ. உயரத்துக்கு ஆப்பு வடிவில் தண்ணீர் தேங்கும். தொட்டி அகலத்தைப் பொறுத்து 600 லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் பம்புக்கு வராமல் உள்ளேயே நின்றுவிடும். மானியில் தண்ணீர் காட்டும், பிராஞ்சில் (ஹோஸ் முனையில் பிடிக்கும் பீச்சுகுழலில்) காற்று வரும். முடிந்தவரை மூக்கு மேட்டுப்பக்கம் இருக்கும்படி நிறுத்துவது இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டும்.

இனி பம்ப். ஊட்டியில் வரும் புகார்களில் பெரும்பகுதி, பம்பே காரணமில்லாத புகார்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். குன்னூரில் அது சுமார் 610, ஊட்டியில் 580. சமவெளியில் உலர் வெற்றிடச் சோதனைக்கு (தண்ணீர் இல்லாமல் பம்பின் காற்றை உறிஞ்சிப் பார்ப்பது) 600 மி.மீ.யை ஒட்டி முள் ஏற வேண்டும் என்பது வழக்கம். ஊட்டியில் இருக்கும் காற்று மொத்தமே 580 என்றால் 600 எங்கிருந்து வரும்? அந்தக் காற்றை உறிஞ்சும் பிரைமரைக் கழற்றி, பம்ப் அச்சில் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் மாற்றி, சக்ஷன் ஹோஸின் வாஷரை எல்லாம் புதிதாகப் போட்டும் முள் ஏறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. இங்கே 460 வந்தாலே நல்ல பம்ப். பார்க்க வேண்டியது, பிரைமரை நிறுத்திய பிறகு அந்த 460 எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைத்தான். சரசரவென்று இறங்கினால் கசிவு நிஜம். முதலில் கப்ளிங் வாஷர், அடுத்து வடிகால் காக், கடைசியில்தான் கிளாண்ட்.

இதனால் தண்ணீர் எடுக்கும் ஆழமும் குறைகிறது. கணக்கில் சென்னையில் 10.3 மீட்டர், நடைமுறையில் 7. ஊட்டியில் கணக்கிலேயே 7.9 மீட்டர்தான், நடைமுறையில் 5ஐ நம்பலாம். எஸ்டேட் ஓடைகளும் தடுப்பணைகளும் சாலைக்குக் கீழே இதைவிட ஆழத்தில் கிடப்பவை. பெரிய வண்டியைச் சாலையோரம் நிறுத்தி ஹோஸைத் தொங்கவிடும் வேலை இங்கே நடக்காது. இரண்டு பேர் தூக்கக்கூடிய போர்ட்டபிள் பம்பைத் தண்ணீர் விளிம்புக்கே இறக்கி, அங்கிருந்து மேலே தள்ள வேண்டும். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் பம்ப் இந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தி இழக்கும், கலவை கனத்துப் புகையும் விடும். உயரத்துக்கேற்ற ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளை) போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உறிஞ்சும் ஹோஸ் முனைச் சல்லடையான ஸ்ட்ரெய்னருக்கு மேல் பிரம்புக் கூடை கட்டாமல் ஓடையில் இறக்கினால் சீகை (வாட்டில்) இலையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரப்பட்டையும் சில நிமிடத்தில் அடைத்துவிடும்.

அழுத்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கும் பம்ப் ஆபரேட்டரே இங்கே வண்டியைவிட மதிப்பு. ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 1 பார் போகும். 63 மி.மீ. ஹோஸில் நிமிடத்துக்கு 450 லிட்டர் ஓடினால் 30 மீட்டர் நீளத்துக்கு 0.28 பார் உராய்வில் போகும். 900 லிட்டர் ஓடினால் அதுவே 1.1 பார். சாலைக்கு 40 மீட்டர் மேலே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், 30 மீட்டர் ஹோஸ் ஆறு என்று வைத்தால்: ஏற்றத்துக்கு 4, உராய்வுக்கு 1.7, பிராஞ்சில் 4, ஆக பம்பில் 9.7 பார். ஒரே பிராஞ்ச் என்றால் கிடைக்கும். இரண்டு கேட்டால் கிடைக்காது, நடுவில் போர்ட்டபிள் பம்ப் வைத்து ரிலே செய்ய வேண்டும். கீழ்ப்பக்கம் தீ என்றால் கணக்குத் தலைகீழ். 40 மீட்டர் கீழே நிற்பவரின் கையில் 4 பார் கூடுதலாக வந்து விழும். மேலே 7 பார் வைத்துவிட்டால் கீழே ஈரமண்ணில் நிற்பவர் பிராஞ்சோடு சறுக்குவார், பழைய ஹோஸாக இருந்தால் வெடிக்கவும் செய்யும்.

நின்றபடி பம்ப் ஓட்டும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று இல்லை, மெலிந்த காற்று சூட்டையும் குறைவாகவே வாங்கும். பம்ப் தண்ணீரால் எஞ்சினைக் குளிர்விக்கும் இணைப்பு வால்வைத் திறக்க மறந்தால் சூட்டு முள் ஏறும். ஊட்டியில் தண்ணீர் 92 டிகிரி சொச்சத்திலேயே கொதிப்பதால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் சமவெளியைவிட முன்னதாகவே பொங்கிவிடும். மூடி சில நூறு ரூபாய்தான்.

புதிய வண்டிகளில் மிகவும் தொல்லை தருவது எது என்றால், சந்தேகமில்லாமல் டி.பி.எஃப். என்னும் புகைக்கரி வடிகட்டி. தினமும் காலையில் பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி அணைப்பது தீயணைப்பு நிலையங்களின் பழைய பழக்கம், அந்தக் காலத்து எஞ்சினுக்கு நல்லது. பி.எஸ்.6 எஞ்சினுக்கு அதுவே விஷம். வெளியேறும் புகை சூடாவதற்குள் அணைப்பதால் கரி எரியாமல் சேரும், எச்சரிக்கை விளக்கு வரும், அலட்சியம் செய்தால் எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அழைப்பு வரும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வாரம் ஒருமுறை தொட்பெட்டா ஏற்றத்திலோ லவ்டேல் பக்கமோ முழுத் தொட்டியோடு அரைமணி நேரம் ஏற்றி ஓட்டினால் வடிகட்டி தானே சுத்தமாகும். மலை இந்த ஒரு விஷயத்தில் சமவெளியைவிட வசதி. தானியங்கிச் சுத்திகரிப்பு நடக்கும்போது புகைக்குழாய் அருகே 500 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தியிருக்கையில் அது தொடங்கினால் தீயணைப்பு வண்டியே தீ வைத்துவிடும். காட்டுத்தீ அழைப்புக்குப் போகும்போது சுத்திகரிப்பைத் தடுக்கும் சுவிட்சைப் போட்டுக்கொண்டு போங்கள், திரும்பியதும் எடுத்துவிடுங்கள். எடுக்க மறப்பவர்களே அதிகம். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில்தான் உறையும், ஊட்டிக் குளிருக்குப் பயமில்லை. ஆனால் குறைவாக ஓடும் வண்டியில் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும், ஓராண்டு கடந்த கரைசலை வடித்துவிடுவதே நல்லது.

உறைபனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். பம்பை வடிப்பவர்கள் ரீல் துப்பாக்கியையும் அழுத்தமானிக்குப் போகும் மெல்லிய குழாயையும் விட்டுவிடுகிறார்கள், முதலில் உறைவது அந்த இரண்டும்தான்.

மழைக்காலம் வேறு கதை. ஜூன் முதல் வரும் அழைப்புகளில் மரம் விழுந்தவையே மிகுதி. மரம் அறுக்கும் செயின் ரம்பத்துக்கு இரண்டு செயின்கள் கூர்தீட்டித் தயாராக இருக்க வேண்டும், கற்பூர மரம் ஒரே மரத்தில் ஒரு செயினை மழுக்கும். லாக்கரின் ரோலர் ஷட்டர் ஈரத்திலும் மண்ணிலும் இறுகும். கிரீஸ் தடவினால் மண் இன்னும் ஒட்டும், உலர்ந்த சிலிகான் ஸ்பிரே போதும். ஹோஸ் காயவே காயாது. ஒரு செட் நனைந்தால் மூன்று நாளுக்கு அதை மறந்துவிட வேண்டியதுதான், ஆகவே முழு இரட்டைச் செட் இல்லாமல் மழைக்காலத்துக்குள் போகாதீர்கள். ஏசி கேபின் ஊட்டிக்கு எதற்கு என்று கேலி செய்தவர்கள் இப்போது அதை மூடுபனியில் கண்ணாடி தெளிவதற்காகப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

சின்ன வண்டியின் பலம் இதற்கெல்லாம் பிறகுதான் புரிகிறது. படுகர் ஊர்களான ஹட்டிகளின் சந்து, லைன் வீட்டுப் பாதை, தேயிலைத் தொழிற்சாலையின் விறகுக் கிடங்குப் பின்பக்கம் என்று பெரியது நுழையாத இடங்களே இங்கு அதிகம். 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது அந்த இடம் வரை வண்டி போகப் பாதை இல்லை, மக்கள் குடங்களில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீக்கு ஹெலிகாப்டரில் வாளி கட்டித் தண்ணீர் கொட்ட வேண்டிவந்தது. சின்ன வண்டியாலும் எல்லா இடத்துக்கும் போக முடியாது, ஆனால் ஹோஸின் நீளத்தைப் பாதியாக்கிவிடும். 450 லிட்டர் பிராஞ்சில் 2,000 லிட்டர் நாலரை நிமிடம்தான் வரும் என்பது உண்மை. அதனால் முதலில் சின்னது உள்ளே போய் ரீலில் தொடங்கட்டும், நிமிடத்துக்கு 100 லிட்டர் என்றால் 20 நிமிடம் கிடைக்கும். அதற்குள் பெரியது சாலையின் அகலமான இடத்தில் நின்று 63 மி.மீ. லைன் போட்டு ஊட்டலாம். தண்ணீரை நுண்துளிகளாகத் தெளிக்கும் மிஸ்ட் வண்டியின் நாசிலுக்கு ஓடைத் தண்ணீர் ஆகாது, வடிகட்டாமல் நிரப்பினால் நுண்துளைகள் அடைந்துவிடும்.

    

அடுத்த வண்டிக்கு டெண்டர் எழுதுபவர்கள் பின் தொங்கலின் நீளம், ரிடார்டர், நீளவாக்குத் தடுப்புத் தகடு, முன்னும் பின்னும் இரண்டு வெளியேற்றக் குழிகள், உயரத்துக்கேற்ற வெற்றிடச் சோதனை அளவு ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். 500 லிட்டர் குறைந்தாலும் பரவாயில்லை. பெரிய பழுதுக்கு மேட்டுப்பாளையமோ கோவையோதான் போக வேண்டும். ஆகவே கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் ஒரு செட், டீசல் வடிகட்டி இரண்டு, ஃபேன் பெல்ட், சக்ஷன் வாஷர் ஒரு டஜன், ரேடியேட்டர் மூடி ஒன்று நிலையத்திலேயே இருக்கட்டும்.