டர்பனில் தனியார் பட்டம்: கொடுக்கும் ராண்டுக்குத் தகுமா?

தென்னாப்பிரிக்காவில் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கின் முடிவு ஜனவரியில் வருகிறது. காவடிக்கு விரதம் தொடங்கப்போகும் வீட்டில், பிள்ளைக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. யூகேஇஸட்என் (க்வாஸூலு-நட்டால் பல்கலைக்கழகம்), டியுடி (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு முந்தைய ஆண்டே மைய விண்ணப்ப அலுவலகமான சிஏஓ வழியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். தனியார் நிறுவனங்களோ நேரடியாகவே சேர்த்துக்கொள்கின்றன. பிப்ரவரி வகுப்புக்கு ஜனவரியிலும் இடம் இருக்கும். அப்போதுதான் இந்தியர் மிகுந்த சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அந்தப் பழைய விவாதம் கிளம்புகிறது. "காசு கொடுத்து வாங்குகிற பட்டம்தானே" என்பார் பெரியப்பா. "அங்கே படித்தவள் இன்று வக்கீல்" என்பார் அத்தை. இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. பெயரும் மதிப்பும் நிறுவனத்தின் வாசல் பலகையில் இல்லை. நீங்கள் சேரும் அந்த ஒரு படிப்பு எந்தக் கதவைத் திறக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

"யூனிவர்சிட்டி என்று பெயரே இல்லையே?" என்பதுதான் பலருக்கு முதல் சந்தேகம். இது தரத்தின் அடையாளம் அல்ல, சட்டத்தின் விளைவு. 1997-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் உயர்கல்விச் சட்டத்தின் கீழ், இங்குள்ள தனியார் நிறுவனங்கள் நெடுங்காலம் அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாமல் இருந்தன. அதனால்தான் காலேஜ், இன்ஸ்டிட்யூட், பிசினஸ் ஸ்கூல் என்றெல்லாம் பெயர்கள்.

இந்த ஒரு சொல்லுக்காக நம் மாகாணத்திலிருந்தே ஒரு வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. வார்சிட்டி காலேஜை நடத்திவந்த ஐஐஇ (இன்டிபென்டன்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எஜுகேஷன்) என்ற தனியார் நிறுவனத்தின் எல்எல்பி பட்டம் முறைப்படி அங்கீகாரம் பெற்றது. ஆனால் வழக்குரைஞர் ஆவதற்கான சட்டம் "பல்கலைக்கழகத்தில்" பெற்ற எல்எல்பி என்று சொல்வதால், அந்தப் பட்டதாரிகளை ஏற்க முடியாது என்றது க்வாஸூலு-நட்டால் சட்டச் சங்கம். 2019 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு ஐஐஇ மாணவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. எங்கள் கருத்தில் இது மிகச் சரியான தீர்ப்பு. படிப்பை ஆய்வு செய்து அரசே அங்கீகரித்துவிட்டு, பிறகு பெயரைக் காட்டி வாசலில் நிறுத்துவது அநியாயம்.

பெயர் எப்படி மாறும் என்பது நம் சமூகத்துக்குத் தெரியாததல்ல. 1961-இல் நிறவெறி அரசு இந்தியருக்கென்று டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் ஒரு கல்லூரியைத் திறந்தது. மாணவர்கள் படகில் போய் வந்தார்கள். ஒதுக்கிவைப்பதற்கென்றே கட்டிய இடம் என்று நம்மவர்களே அதை வெறுத்தார்கள். வெஸ்ட்வில்லுக்கு இடம்பெயர்ந்த அந்தக் கல்லூரியே பின்னால் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து யூகேஇஸட்என் ஆனது. அங்கே படித்தவர்கள்தான் அதற்கு மதிப்பு வாங்கிக் கொடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. ஜோகன்னஸ்பர்க் அருகே 2001-இல் தொடங்கிய மொனாஷ் தென்னாப்பிரிக்கா வளாகத்துக்கு ஆஸ்திரேலியப் பெயரே பெரிய பலம். 2019-இல் வளாகம் ஐஐஇ-யிடம் கைமாறியது. வளாகம் நிலைத்தது, பெயர் போய்விட்டது. வெளிநாட்டுப் பெயரைக் காட்டி யாராவது அழைத்தால், பட்டச் சான்றிதழில் எந்த நிறுவனத்தின் பெயர் அச்சாகும் என்று முதலில் கேளுங்கள்.

சேருமுன் என்ன பார்க்க வேண்டும்? நிறுவனத்தின் கடிதத்தாளின் அடியில் ஒரு பதிவு எண் இருக்கும்: முதலில் ஆண்டு, பிறகு HE07 போன்ற ஒரு குறி, பிறகு மூன்று இலக்கம். உயர்கல்வித் துறை வெளியிடும் தனியார் நிறுவனப் பதிவேட்டில் இதே எண் இருக்கிறதா, முழுப் பதிவா தற்காலிகப் பதிவா என்று பாருங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தவறு நடப்பது இதற்கு அடுத்த படியில்தான். அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. படிப்பு, வளாகம், நடத்தும் முறை மூன்றையும் சேர்த்தே கிடைக்கிறது. ஜோகன்னஸ்பர்க் வளாகத்துக்கு அனுமதி பெற்ற படிப்பு டர்பன் வளாகத்துக்கும் செல்லும் என்று நினைக்கக் கூடாது. நேரடி வகுப்புக்கு வாங்கிய அனுமதி தொலைநிலைக்கு ஆகாது. "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற பதில் வந்தால் பணம் கட்ட வேண்டாம். கல்வித் தகுதிகளைப் பதிவு செய்யும் தேசிய ஆணையமான சாக்வா அந்தப் படிப்புக்குத் தந்த அடையாள எண்ணை எழுத்தில் வாங்கி, சாக்வா தளத்தில் தேடி, தேசியத் தகுதிச் சட்டகமான என்க்யூஎஃப்-இல் அதன் நிலையையும் கிரெடிட்டையும் ஒத்துப் பாருங்கள். ஹையர் சர்ட்டிஃபிகேட் என்றால் நிலை 5, 120 கிரெடிட். டிப்ளமோ நிலை 6, 240 அல்லது 360 கிரெடிட். மூன்றாண்டுப் பட்டம் நிலை 7, 360 கிரெடிட். எல்எல்பி நிலை 8, 480 கிரெடிட்.

கிரெடிட் என்றால் வெறும் எண் அல்ல. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு. 360 கிரெடிட் என்றால் 3,600 மணி நேரம். வேலை பார்த்துக்கொண்டே மூன்றாண்டில் முடிக்கலாம் என்று சேர்க்கை ஆலோசகர் சொன்னால், ஆண்டுக்கு 1,200 மணி, ஒரு வாரம் விடாமல் வாரத்துக்கு 23 மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொலைநிலைப் படிப்பைப் பாதியில் விடுகிறவர்களுக்கு மூளை குறைவு என்று நினைக்க வேண்டாம். இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

பணத்தில் தனியார் பக்கம் பலவீனம்தான். அரசு மானியம் கிடையாது, அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவியும் கிடையாது. அது 26 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் எனப்படும் அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் மட்டும். பங்குச் சந்தையில் இருக்கும் ஸ்டேடியோ, ஐஐஇ-யின் தாய் நிறுவனமான அட்வ்டெக் போன்றவை லாபமும் காட்ட வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் கட்டணம் எல்லாப் பாடத்திலும் தேறுகிற மாணவருக்கானது. ஒரு பாடத்தில் தோற்றால் அதற்கு மறுபடி கட்டணம். அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் நடந்து, அடுத்த பாடங்களுக்கு அது முன்தேவையாகவும் இருந்தால், ஓர் ஆண்டே தள்ளிப்போகும். எனவே மறுபடிப்புக் கட்டணம், துணைத் தேர்வுக் கட்டணம், புத்தகம் சேர்ந்ததா, எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற நான்கையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அப்பாவோ அம்மாவோ பிணைக் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் அது.

இனி எங்கள் மதிப்பீடு. ஆசிரியர் படிப்பும் கணினிப் படிப்பும் தனியாரில் துணிந்து சேரலாம். சிறிய வகுப்பு, வேலைநிறுத்தத்தாலும் போராட்டத்தாலும் அதிகம் தடைபடாத நாள்காட்டி, விரிவுரையாளரைச் சந்திக்க முடிகிற வசதி எல்லாம் முதலாண்டு மாணவருக்கு உண்மையான உதவி. சட்டப் படிப்புக்கும், 2019 தீர்ப்புக்குப் பிறகு தயங்க வேண்டியதில்லை. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் கனவு இருந்தால் மட்டும் நிதானம் வேண்டும்: பிகாம் என்ற பெயர் போதாது, சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்களின் அமைப்பான சைக்காவின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்க வேண்டும். அதுபோல உளவியலுக்குச் சுகாதாரத் தொழில் கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏ, பொறியியலுக்குப் பொறியியல் கவுன்சிலான இக்சா. தொழில் அமைப்பு ஏற்காத பட்டம் வேலைச் சந்தையில் பாதி விலைதான். ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவருக்கு அரசுப் பல்கலைக்கழகமே நல்லது. நூலகம், ஆய்வகம், வழிகாட்டும் பேராசிரியர்கள் எதிலும் தனியார் இன்னும் அருகில் வரவில்லை.

ஓராண்டு தனியாரில் படித்துவிட்டு யூகேஇஸட்என்-னுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற திட்டத்தை நம்ப வேண்டாம். கிரெடிட்டை ஏற்பதும் மறுப்பதும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்தின் முடிவு. பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுத்தான் தருவார்கள்.

பட்டம் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாணவர் விவரத்தை நிறுவனமே தேசியக் கல்விப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வேலை கொடுப்பவர் சாக்வா வழியாகச் சரிபார்ப்பது அதைத்தான். கூலிக்கப்பல் காலத்துக் குமாஸ்தா எழுதிவைத்த எழுத்துக்கூட்டல் இன்றும் நம் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒரே குடும்பத்தில் ஒருவர் நாயுடு, ஒருவர் நாய்டூ. அடையாள அட்டையில் உள்ள எழுத்தும் 13 இலக்க எண்ணும் சேர்க்கைப் படிவத்தில் அப்படியே இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பட்டமளிப்பு முடிந்த சில மாதங்களில் பதிவேறிவிட்டதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள்.