ஹோல் சா: நாலு வருடமாக உள்ளேயே மாட்டிக்கொள்ளும் அந்த வில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் போன் செய்து, "மாமா, உங்க ஹோல் சா செட் ஒரு வாரத்துக்குக் கிடைக்குமா, கதவுக்கு ரவுண்ட் லாக் போடணும்" என்று கேட்டான். ஹோல் சா என்றால் டிரில்லில் மாட்டி வட்ட ஓட்டை போடும், விளிம்பில் பல் வைத்த கப் வடிவ ரம்பம். சரி என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். 64 மி.மீ. கப்புக்குள் போன மாதம் மாட்டிய பிளைவுட் வில்லை இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

2021-இல் வாங்கிய பைமெட்டல் செட் இது. 22, 29, 35, 44, 51, 64 மி.மீ. என்று ஆறு கப், கப்பை டிரில்லோடு இணைக்கும் தண்டான ஆர்பர் இரண்டு. உடம்பு ஸ்பிரிங் ஸ்டீல், பல் மட்டும் 8 சதவீதம் கோபால்ட் கலந்த எம்42 எஃகு. வெட்டும் விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாலு வருடத்தில் பிளைவுட், தேக்கு, தண்ணீர்த் தொட்டி, தகரப் பெட்டி, ஸ்டீல் சிங்க் எல்லாம் பார்த்துவிட்டது, ஒரு பல்கூட உடையவில்லை. இதற்கு முன்னால் வைத்திருந்த கறுப்புப் பெட்டி செட், ஒரே தட்டில் வளையங்களை மாற்றி மாற்றிச் செருகுவோமே, அது ஒரு பழைய ஆணி குறுக்கே வந்த அன்றே முடிந்துபோனது.

ஆனால் இந்த வில்லை! ஒவ்வொரு ஓட்டைக்கும் வெட்டிய துண்டு கப்புக்குள் இறுகிவிடுகிறது. மரத்தூள் வெளியே போக வழியில்லாமல் சூட்டில் கெட்டிப்பட்டு, பிளைவுட் என்றால் அதன் பசையும் சேர்ந்து, ஆப்பு வைத்தது போல நின்றுவிடும். பக்கவாட்டில் வெட்டி விட்டிருக்கும் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பச் சொல்கிறார்கள். நெம்பினேன், வழுக்கி இடது உள்ளங்கையில் ஏறியது. இப்போது அப்படிச் செய்வதே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கப் ஆறும் வரை காத்திருந்து (அவசரப்பட்டுத் தொட்டால் விரல் பொசுங்கும்), வில்லையின் ஓரத்தில் ஒரு நீள மர ஸ்க்ரூவை முறுக்குகிறேன். முனை கப்பின் அடித்தட்டில் முட்டிய பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தால் வில்லை தானாக ஏறி வெளியே வரும். எதிர்ப் பக்கத்தில் இன்னொரு ஸ்க்ரூ போட்டால் கோணாமல் வரும்.

மாட்டாமலே வெட்ட வழி இருக்கிறது, அதைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. முழுதும் ஒரே பக்கத்திலிருந்து வெட்டக் கூடாது. நடுவில் இருக்கும் பைலட் பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் அந்தப் பக்கம் போய், அதே சின்ன ஓட்டையில் பிட்டை வைத்து மீதியை வெட்டினால், வில்லையின் பெரும்பகுதி கப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குறடால் பிடித்துத் திருகினால் போதும். மறுபக்கம் சிராய் பெயர்வதும் இல்லை. 35 மி.மீ. பிளஷ் கதவுக்கு இது கட்டாயம், ஏனென்றால் கப்பின் ஆழமே 38 மி.மீ.தான், ஒரே பக்கமாக வெட்டினால் வில்லை முழுதும் உள்ளே புதைந்துவிடும். இன்னொன்று, வெட்டுக்கோட்டின் மேலேயே முதலில் ஒரு 8 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டால் தூள் அதில் இறங்கிவிடும், சூடும் புகையும் நன்றாகக் குறையும்.

ஆனால் ஒரு பக்கம் மட்டுமே கை எட்டும் இடங்களில் என்ன செய்வது? 2023-இல் சமையலறை அலமாரிக்குள் படுத்துக்கொண்டு 63 மி.மீ. கழிவுநீர்க் குழாய்க்கு 18 மி.மீ. பிளைவுட்டில் ஓட்டை போட்டேன். கை வலிக்கிறதே என்று மெஷினின் லாக் பட்டனை அமுக்கி வைத்திருந்தேன். வெட்டி முடியும் தறுவாயில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, பல் கவ்விக் கப் நின்றுவிட, மெஷின் சுற்ற ஆரம்பித்தது. லாக் போட்டிருந்ததால் கையை விட்டும் நிற்கவில்லை. மணிக்கட்டு முறுக்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து பக்கக் கைப்பிடி மாட்டாமல் தொடுவதில்லை, லாக் பட்டன் பக்கம் விரல் போவதே இல்லை, கடைசிச் சில மி.மீ.க்கு அழுத்தம் கொடுப்பதும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொள்வேன், கையுறை போட மாட்டேன். பல்லில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்பவர்கள் தயவுசெய்து அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஸ்டீல் சிங்க்கில் குழாய்க்கு 35 மி.மீ. ஓட்டை போடுவது தனிக் கதை. வீட்டு டிரில் 2800 சுற்று ஓடும், இந்த வேலைக்கு வேண்டியது நிமிடத்துக்கு 80 சுற்று அளவுதான். வேகமாக விட்டு மேலோட்டமாக உரசினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் கடினமாகிவிடும், பல் நீலம் பாய்ந்துவிடும். கியர் உள்ள மெஷினை மெதுவாக ஓட்டி, கட்டிங் ஆயில் விட்டு, அழுத்தத்தை விடாமல் கொடுத்தால் அழகாக வெட்டுகிறது. ஹாமர் மோடு எப்போதும் அணைந்திருக்கட்டும்.

தொட்டிக்கு எச்சரிக்கை ஒன்றுதான். 1 அங்குல டேங்க் நிப்பிளின் (தொட்டிச் சுவரில் மாட்டிக் குழாயை இணைக்கும் துண்டு) மரை வெளி விட்டம் 33 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அதனால் 35 கப் சரி. ஆனால் பிளாஸ்டிக் சுருளெல்லாம் உள்ளேதான் விழும். நான் வழித்தெடுக்காமல் விட்டுவிட்டேன், இரண்டே நாளில் வாஷிங் மெஷின் வலை அடைத்துக்கொண்டது.

ஆர்பர் பற்றியும் சொல்லியாக வேண்டும். 32 மி.மீ.க்கு மேற்பட்ட கப்புகளுக்குப் பெரிய ஆர்பர், அதில் இரண்டு பின் இருக்கும். கப்பை மரையில் கடைசி வரை முறுக்கி, அந்தப் பின்கள் கப்பின் அடியில் உள்ள ஓட்டைகளுக்கு நேராக வரும் அளவு கொஞ்சம் பின்னால் திருப்பி, பின்களை உள்ளே தள்ள வேண்டும். பின் ஏறாமல் வெட்டினால் சுமை முழுதும் மரைக்கு வந்து கப் ஆர்பரோடு இறுகிவிடும். எனக்கு ஒரு முறை பைப் ரெஞ்ச் போட்டும் வரவில்லை.

இத்தனை வேலை வாங்கியிருக்கிறேன், செட் புதிது போலவே இருக்கிறது, இருந்தும் இன்று யாராவது கேட்டால் செட்டாக வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆறில் 22, 51 இரண்டையும் நான் தொட்டதே இல்லை. ரவுண்ட் லாக்குக்கு வேண்டிய 54 இதில் கிடையாது, அதைத் தனியாகத்தான் வாங்கினேன். வேண்டிய அளவை மட்டும் நல்ல ஆர்பரோடு வாங்கினால் போதும்.

மச்சினனுக்கும் அதையே சொன்னேன். "54 ஒண்ணு வாங்கிக்கோ. கதவோட ஓரத்துல போடற 25 ஓட்டைக்கு ஹோல் சாவே வேண்டாம், தட்டை பிட் போதும், அதுல வில்லையே வராது." அவனுக்கு மெஷினையும் பக்கக் கைப்பிடியையும் கொடுத்தனுப்பிவிட்டு, இரண்டு ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டு அந்த 64 கப்போடு திண்ணையில் உட்கார்ந்தேன்.