டிஐ-84 பிளஸ் கையில் இருக்கும்போது சிஇ தேவையா?

நுண்கணித வகுப்பில் சேரும் மாணவர்கள் பலருக்கு, கையில் இருக்கும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் டிஐ-84 பிளஸ் கிராஃபிங் கால்குலேட்டரே (சார்புகளை வரைந்து காட்டும் கருவி) போதுமா, வண்ணத் திரையுள்ள டிஐ-84 பிளஸ் சிஇக்கு மாறிவிட வேண்டுமா என்ற குழப்பம் எழுகிறது. முன்னது 2004-இலும் பின்னது 2015-இலும் வெளிவந்தவை. இரண்டையும் ஒரே பாடத்துக்குப் பயன்படுத்திப் பார்த்ததில், திரைக்காக மாறுவதில் நியாயம் உண்டு என்றும், கணக்கிடும் திறனுக்காக மாறுவதில் நியாயம் இல்லை என்றும் உறுதியாகச் சொல்வேன்.

பழைய கருவியின் திரையில் அகலவாக்கில் 96 புள்ளிகளும் உயரவாக்கில் 64 புள்ளிகளுமே உள்ளன; சிஇயில் அவை 320, 240. கழித்தல் 10 முதல் 10 வரையிலான வழக்கமான எல்லைகளை வைத்து வரைந்தால், பழையது ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு ஏறத்தாழ 0.21 அலகு தாவுகிறது. சிஇ ஏறத்தாழ 0.076 அலகுதான் நகர்கிறது. இதன் விளைவை டேன் சார்பை வரையும்போது தெளிவாகக் காணலாம். அடுத்தடுத்த இரு புள்ளிகளைப் பழைய கருவி கோட்டால் இணைத்துவிடுவதால், தொலைத்தொடுகோடு (வளைவரை நெருங்கிக்கொண்டே போகும் கோடு) வரும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு விழுந்து, அதுவும் வளைவரையின் பகுதியே என்று புதிதாகக் கற்பவரை நம்ப வைத்துவிடுகிறது. புள்ளி முறைக்கு மாற்றினால் அந்தக் கோடு மறையும். ஆனால் வளைவரையும் சிதறிய புள்ளிகளாகிவிடும். சிஇயில் தொலைத்தொடுகோடுகளைக் கண்டறிவதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. இரு வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பைக் காணும் பாடத்தில், எது மேலே எது கீழே என்பதை வண்ணம் உடனே காட்டிவிடுவதும் உண்மையான உதவிதான்.

கணக்கிடுவதில் இத்தகைய வேறுபாடு இல்லை. இரண்டுமே வகைக்கெழுவை (ஒரு புள்ளியில் வளைவரையின் சாய்வை) எண்ணாகத்தான் தரும், சார்பாகத் தராது. பூச்சியத்தில் மட்டுச் சார்பின் (|x|) வகைக்கெழுவைக் கேட்டுப் பாருங்கள்: அங்கே வகைக்கெழுவே கிடையாது என்றாலும், அந்தப் புள்ளிக்கு இருபுறமும் சம தொலைவில் மதிப்பெடுத்துச் சாய்வு காணும் முறையைப் பின்பற்றுவதால் இரு கருவிகளும் பூச்சியம் என்றே விடை சொல்கின்றன. புதியதை வாங்கினாலும் இந்தப் பிழை தீராது என்பதை மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். செயலியின் வேகம் 15 மெகாஹெர்ட்ஸிலிருந்து 48 மெகாஹெர்ட்ஸாக உயர்ந்துள்ளது. வரைய வேண்டிய புள்ளிகளும் கூடியிருப்பதால் வகுப்பறையில் அந்த வேகம் பெரிதாகத் தெரிவதில்லை.

பின்னங்களையும் மூலக்குறிகளையும் புத்தகத்தில் உள்ளபடியே காட்டும் வசதிக்காகச் சிலர் மாற நினைக்கிறார்கள். அந்த வசதி டிஐ-84 பிளஸுக்கு 2.53 பதிப்பு இயங்குதளத்திலேயே வந்துவிட்டது. கணினியுடன் கேபிளால் இணைத்துப் புதுப்பித்தால் போதும்.

மின்கல விஷயத்தில் எனக்குப் பழையதே பிடித்திருக்கிறது. நான்கு டிரிபிள் ஏ பேட்டரிகளைத் தேர்வு அறையிலேயே மாற்றிவிடலாம். சிஇயின் லித்தியம் பேட்டரியை முந்தின இரவே சார்ஜ் செய்திருக்க வேண்டும்.

சார்புகளைக் குறியீட்டு வடிவிலேயே வகையிட்டுத் தரும் டிஐ-89 அல்லது என்ஸ்பயர் சிஎக்ஸ் காஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் தேர்வு விதிகளைப் படிக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி நுண்கணிதத் தேர்வில் அவற்றுக்கு அனுமதி உண்டு; ஐபி எனும் பன்னாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத் தேர்விலும், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்விலும் இல்லை. இதைப் பார்க்காமல் வாங்கினால், ஆண்டு முழுதும் பழகிய கருவியைத் தேர்வன்று வெளியே வைத்துவிட்டுப் போக நேரிடும்.

1999-இல் வந்த டிஐ-83 பிளஸை வைத்திருப்பவருக்கு மட்டும் என் விடை வேறு. அதில் யுஎஸ்பி இணைப்பும் இல்லை, புத்தக வடிவில் பின்னங்களைக் காட்டும் வசதியும் இல்லை. அவர் தயங்காமல் மாறலாம். எப்படியும் செலவு செய்யப்போவதால், நல்ல திரையுள்ள சிஇயையே வாங்குவது சரி.