வீட்டில் ரை பிரெட்: நீண்ட காலம் சுட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

கோதுமையைப் போன்ற ரை என்ற தானியத்தின் மாவில் வீட்டில் பிரெட் சுடுவதில் கைப்பழக்கத்தின் பங்கு குறைவு. புளிப்பின் பங்கும் வெப்பத்தின் பங்கும் மிக அதிகம். பல ஆண்டுகளாகத் தொடர்ந்து சுட்டுவருவதில் எனக்கு உறுதிப்பட்ட முடிவு இது. கோதுமை மாவில் பழகிய கை, பிசைந்தும் இழுத்து மடித்தும் மாவுக்கு வலு ஏற்றப் பார்க்கும். கோதுமை கலக்காத முழு ரை மாவில் அந்த உழைப்பு வீண். மாவும் நீரும் கட்டியில்லாமல் கலந்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு மேல் பிசைந்தால் விரல்களில் பசை ஏறுமே தவிர, பிரெட்டுக்கு ஒரு நன்மையும் விளையாது.

காரணம் தானியத்திலேயே இருக்கிறது. ரையிலும் குளூட்டன் வகைப் புரதம் உண்டு என்றாலும், கோதுமையில் உண்டாகும் இழுபடும் வலை அதில் உண்டாவதில்லை. அந்த இடத்தைப் பென்டோசான் என்ற நார்ச்சத்து பிடித்துக்கொண்டு, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி, வாயுவை ஓரளவுக்குப் பிடித்துவைக்கும் கூழாக மாவை மாற்றுகிறது. ஓவனுக்குள் போன பிறகு பிரெட்டைத் தாங்க வேண்டியது மாவுச்சத்து. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரையின் மாவுச்சத்து ஏறத்தாழ 55 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் வெந்து குழைகிறது. அந்த வெப்பத்தில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் நொதி இன்னும் சுறுசுறுப்பாகவே இருக்கிறது. அதை அடக்காமல் விட்டால், மேலே அழகாகச் சிவந்த பிரெட்டை அறுக்கும்போது கத்தியில் ஈரப்பசை அப்பிக்கொண்டு வரும். மாவில் அமிலம் போதுமான அளவுக்கு ஏறினால் அந்த நொதி ஒடுங்கிவிடுகிறது. ஈஸ்டை மட்டும் நம்பிச் சுடும் முழு ரை பிரெட் பெரும்பாலும் சுமாராகவே வருவது இதனால்தான். ருசிக்காகப் புளிக்கவைக்கிறோம் என்பது இதில் இரண்டாம்பட்சம்.

நான் கைக்கொள்ளும் கணக்கு எளிமையானது. ஒரு பிரெட்டுக்கு மொத்தம் 500 கிராம் ரை மாவு என்றால், அதில் 200 கிராமை முந்தைய நாள் மாலையிலேயே 200 கிராம் நீரிலும் 20 கிராம் ஸ்டார்ட்டரிலும் (முந்தைய தடவை எடுத்துவைத்த புளித்த மாவு) கரைத்து, மேலே சிறிது மாவைத் தூவி, 26 முதல் 28 டிகிரி வரையுள்ள இடத்தில் 12 முதல் 16 மணி நேரம் புளிக்கவிடுகிறேன். காலையில் அது மேடாக எழும்பி, நடுவில் லேசாக அமுங்கத் தொடங்கியிருக்கும். தூவிய மாவு வெடித்துத் தீவுத் தீவாகப் பிரிந்து நிற்கும். கரண்டியால் ஓரத்தை விலக்கினால் அடியில் நுரைத்த குமிழ்கள் தெரியும். வெப்பத்தை மாற்றினால் புளிப்பின் குணமும் மாறுகிறது. வெதுவெதுப்பான, தளர்ந்த மாவில் தயிரின் மென்புளிப்பு மேலோங்கும்; குளிர்ந்த, கெட்டியான மாவில் காடியின் கூர்மை மேலோங்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகு, தினமும் சாப்பிட வெதுவெதுப்பான வகையே எனக்கு ஏற்றது என்ற முடிவுக்கு வந்தேன்.

புளித்த மாவில் 20 கிராமை அடுத்த தடவைக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் 300 கிராம் மாவு, 220 கிராம் வெதுவெதுப்பான நீர், 10 கிராம் உப்பு ஆகியவற்றைக் கலக்கிறேன். முழுத்தவிட்டு மாவு என்றால் நீர் இன்னும் கொஞ்சம் கூடும். இது கையால் உருட்டும் பதத்தில் இருக்காது. ஈரக் கரண்டியால் பிரெட் டின்னில் வழித்துப் போட்டு, நனைத்த கையால் மேலே சமன் செய்ய வேண்டிய பதம். கைக்கு ஒட்டுகிறதே என்று உலர் மாவைச் சேர்த்துக்கொண்டே போகும் ஆசையைத்தான் இங்கே அடக்க வேண்டும், ஏனென்றால் அப்படிக் கெட்டியாக்கிய மாவு நன்றாக எழும்பாமல், அடர்ந்து உதிரும் பிரெட்டாகவே முடிகிறது.

டின்னில் போட்ட மாவு இரு மடங்காக உயரும் என்று காத்திருக்கவே கூடாது. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உயர்ந்து, மேற்பரப்பில் மெல்லிய விரிசல்களும் ஊசிமுனை அளவுள்ள சில துளைகளும் தெரிந்ததும் ஓவனில் வைத்துவிட வேண்டும். 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. துளைகள் பெருகும் வரை விட்டுவிட்டால், தாங்கிப் பிடிக்கும் வலை இல்லாத மாவு ஓவனுக்குள் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிடும்.

முதல் 15 நிமிடம் 250 டிகிரியில் நீராவியோடும், பிறகு 200 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் வரையும் சுடுகிறேன். தட்டிப் பார்த்து ஓசையால் முடிவு செய்வதை இந்தப் பிரெட்டில் நான் நம்புவதில்லை. நடுப்பகுதியில் செருகிய வெப்பமானி 97 டிகிரியைக் காட்ட வேண்டும். உண்மையில், நீண்ட காலப் பயன்பாட்டில் தங்கள் இடத்தை நியாயப்படுத்திக்கொண்ட கருவிகள் இந்த வெப்பமானியும் டிஜிட்டல் தராசும் மட்டும்தான். மாவு பிசையும் இயந்திரம் இதற்குத் தேவையே இல்லை. உயர்த்திவைக்கும் பிரம்புக் கூடை பார்க்க நன்றாக இருக்கும். முழு ரை மாவு அதில் ஒட்டிக்கொண்டால் சுத்தம் செய்வது தண்டனை.

சுட்ட அன்றே அறுப்பதுதான் பலரும் இதைக் கைவிடக் காரணம் என்பது என் ஊகம். ஓவனிலிருந்து எடுத்ததும் உள்ளே உள்ள ஈரம் இன்னும் சமமாகப் பரவியிருக்காது. அப்போது வெட்டினால், சரியாக வெந்த பிரெட்கூட வேகாததைப் போலத் தோன்றும். முழுவதும் ஆறிய பிறகு துணியில் சுற்றி 24 மணி நேரமாவது வைக்க வேண்டும். முழுத்தவிட்டு மாவில் செய்ததென்றால் 48 மணி நேரம் இன்னும் நல்லது. இரண்டாம் நாளில் மேலோட்டின் வறுத்த மணம் உள்ளே இறங்கி, புளிப்பு சற்றுத் தணிந்திருக்கும். மூன்றாம், நான்காம் நாள்தான் என் கணக்கில் உச்சம். பென்டோசான் நீரை இறுகப் பிடித்துவைப்பதால் ஒரு வாரம் ஆனாலும் வறண்டு போவதில்லை. கோதுமை பிரெட்டோடு ஒப்பிட்டால் இதுவே இதன் பெரிய லாபம்.

மாவு வாங்கும்போது ஜெர்மானிய வகை எண்களைத் தெரிந்துவைத்திருப்பது உதவும். 997, 1150, 1370 போன்ற எண்கள், 100 கிராம் உலர்ந்த மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதைத் தோராயமாகக் குறிப்பவை. எண் கூடக் கூடத் தவிடும் நிறமும் ருசியும் கூடும். அன்றாடப் பிரெட்டுக்கு 1150 சரியான நடுநிலை. முழுத்தவிட்டு மாவில் கொழுப்பு இருப்பதால் வெப்பத்தில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நல்லது.

மாவின் ஒரு பகுதியைக் கொதிநீர் ஊற்றி வேகவைத்து, 65 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்திருந்து சேர்க்கும் ரஷ்ய முறையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். வேறு இடத்தில் நாம் அடக்கப் பார்க்கும் அதே நொதி இங்கே மாவுச்சத்தை இனிப்பாக்கித் தருகிறது. ரை மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய ரை) கொத்தமல்லி விதையும் சேர்ந்த பொரோதின்ஸ்கி பிரெட் இந்த முறையில் செய்யப்படுவது. கூடுதல் வேலைக்கு முழுப் பலன் தருவது. ஜெர்மனியின் பம்பர்நிக்கல் என்ற ரை பிரெட்டைப் பற்றி எனக்கு அந்த எண்ணம் இல்லை. அங்குள்ள நெறிமுறைப்படி அது குறைந்தது 16 மணி நேரம் ஓவனில் இருக்க வேண்டும். வீட்டு ஓவனை அவ்வளவு நேரம் எரியவிட்டுக் கிடைக்கும் பலன் போதாது.

பெரிய துளைகளுள்ள பிரெட்டைப் படமெடுத்து மகிழ்பவர்களுக்கு ரை ஒத்துவராது. இது மெல்லிய துண்டுகளாக அறுத்து, மேலே ஏதாவது வைத்துத் தினமும் சாப்பிடுவதற்கானது. பின்லாந்து தன் சுதந்திர நூற்றாண்டையொட்டி (2017) நடத்திய வாக்கெடுப்பில் ரை பிரெட் தேசிய உணவாகத் தேர்வானது, அங்கே அது அன்றாட உணவாக எந்த அளவுக்கு வேரூன்றியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் 30 முதல் 40 சதவீதம் ரையும் மீதி கோதுமையுமாகச் செய்து பழகலாம். ஆனால் அந்தக் கலவை கோதுமையின் விதிகளுக்குத்தான் பெரும்பாலும் கட்டுப்படும் என்பதால், முழு ரைக்கு அது முழுப் பயிற்சி ஆகாது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. புளிக்கவைப்பதால் அந்த ஆபத்து நீங்குவதில்லை.

பாத்திரங்களைச் சூடான நீரில் கழுவினால் மாவு வெந்து இறுகிவிடும். குளிர்ந்த நீரில் ஊறவைத்துத் தேய்ப்பதே சுலபம். சில வாரங்கள் சுட முடியாது என்று தெரிந்தால், ஸ்டார்ட்டரில் உலர்ந்த ரை மாவைச் சேர்த்து, உதிரி உதிரியாகும் வரை விரல்களால் தேய்த்து டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். திரும்பவும் நீர் ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு வேளை மாவு ஊட்டினால் பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது.