பெயர்ப் பலகை இல்லாத பழம்பொருள் கடை

பழைய பித்தளை, மரச்சாமான் தேடிக் காரைக்குடி போகிறவர்கள் நேராக முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் போவார்கள். நானும் அங்கே நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் இப்போது யாராவது கேட்டால், தேவகோட்டை போகும் வழியில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் கடையைத்தான் முதலில் சொல்கிறேன். அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. பஸ் நிற்கும் இடத்தில் "பழைய பலசரக்குக் கடை" என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

கடையை நடத்துவது ஒரு குடும்பம். பெரியவர், அவர் மகன், மருமகள். பெரியவரின் அப்பா காலத்தில் அங்கே அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் விற்றார்கள். சுற்று வட்டாரத்தில் செட்டிநாட்டு வீடுகளை இடிக்க ஆரம்பித்தபோது, பெரியவர் அங்கிருந்து சாமான் எடுத்துவந்து ஒரு மூலையில் வைத்தார். மெல்ல மெல்ல அந்த மூலை கடை முழுக்கப் பரவிவிட்டது.

கட்டடத்தை அவர்கள் மாற்றவே இல்லை. அதற்காகவே ஒரு முறை போகலாம். எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி மூடும் முகப்பு அப்படியே இருக்கிறது. மேலே தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய, மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணிக் கூரை. சுவரோரம் மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் பச்சை பெயின்டில் உளுந்து, கடுகு, கொத்தமல்லி என்று எழுதியிருக்கும். உளுந்து என்றிருப்பதை இழுத்தால் எனாமல் கிண்ணங்கள், கடுகில் பூட்டுச் சாவிகள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தராசும் வீசைக்கற்களும் இருக்கின்றன, விற்பனைக்கு இல்லை. 1956இல் சட்டம் வந்து, அடுத்த சில வருஷங்களில் வீசை போய்க் கிலோ வந்தபோது, பெரியவரின் அப்பா தூக்கிப் போட மனசில்லாமல் எடுத்து வைத்தவையாம். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்று என் மகளுக்குக் கல்லைக் கையில் கொடுத்தே பெரியவர் சொல்லிக்கொடுத்தார்.

நான் இந்தக் கடைக்கே திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் வேறு. பழசைப் பழசு என்றும் புதுசைப் புதுசு என்றும் கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள். இந்த வியாபாரத்தில் அது எவ்வளவு அரிது என்று வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும். ஒரு ரவிவர்மா லட்சுமி படத்தை நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் நிஜமாகவே பழைய பர்மா தேக்கு. மகன் ஒரு லென்ஸை எடுத்துக் கொடுத்து, "முகத்துல வச்சுப் பாருங்கக்கா" என்றார். நான்கு நிறத்தில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றன. இந்தக் காலத்து அச்சு. பக்கத்தில் அசல் ஒன்றை வைத்துக் காட்டினார். கல்லில் படம் வரைந்து அச்செடுக்கும் அந்தக் காலத்துக் கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் தெளித்த கோலப்பொடி மாதிரி இருக்கின்றன. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவாலா பக்கம் போனது. அசல் படங்களின் அடியில் பெரும்பாலும் அச்சகத்தின் பெயர் இருக்கும், ஓரத்தை வெட்டிச் சட்டம் போட்டிருந்தால்தான் சிக்கல். அசல் என் பட்ஜெட்டுக்கு மேலே. போலியை அவர் போலி விலைக்கே தருவதாகச் சொன்னார், சட்டத்துக்காகவே வாங்கினேன்.

எனாமல் சாமான்களிலும் அப்படித்தான். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஸ்வீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே 1918இல்தான் உருவானது. அதனால் அந்த முத்திரை உள்ள தூக்குச்சட்டியை "எங்க கொள்ளுத்தாத்தா கல்யாணத்துக்கு 1900ல வாங்கினது" என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். வேறு ஒரு கடையில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

நான் தேடிப் போனது ஒரு பித்தளைத் தவலை. மருமகள் மூன்றை இறக்கி வைத்தார். ஒன்றின் உள்ளே வட்ட வட்டமாகச் சீரான கோடுகள், மெஷினில் சுழற்றி அடித்தது. இரண்டாவதில் சுத்தியல் தடம் இருந்தது, ஆனால் அடியில் பற்றுவைத்த ஓட்டை. மூன்றாவதை வெளிச்சத்தில் சாய்த்து, தகடும் தகடும் பல் பல்லாகக் கோத்துச் சேர்ந்திருக்கும் இடத்தை விரலால் தடவிக் காட்டினார். கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாக வீட்டு இனிஷியல். சீர்வரிசையாகக் கொடுத்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் இப்படிப் பொறிப்பது அங்கே வழக்கம். "புளி சேர்க்கிற எதையும் ஈயம் பூசாம இதுல வைக்காதீங்க. பூசுறவர் இங்கயே இருக்கார், நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றார். அன்றைக்கு விலையில் ஐநூறு குறைத்தார்கள், ஈயக் கூலி தனி.

பெரியவர் இன்னமும் பலசரக்குக் கடைக்கால நீளச் சிட்டையில்தான் எழுதுகிறார். எந்த ஊர், எந்த வருஷம் வந்த சாமான் என்று வாங்குகிறவருக்குச் சொல்வார்; குடும்பத்தின் பெயரைச் சொல்லமாட்டார். நிலைக்கதவு, தூண் எடுக்கப் போனால், கழற்றுவதற்கு முன்னால் வீட்டை ஒரு போட்டோ எடுத்துவிடுகிறார்கள். அதன் பிரதியைக் கதவோடு கொடுக்கிறார்கள். ஒரு வீட்டில் இருபது, முப்பது பங்காளிகளுக்குப் பங்கு இருக்கிறது, ஓடு மாற்ற யாரும் முன்வருவதில்லை, கடைசியில் தூண் தூணாக விற்றுப்போகிறது. பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த பணம், ஜப்பான் அந்த நாட்டைப் பிடித்த 1942க்குப் பிறகு திரும்பாத வீடுகளும் இதில் சேர்த்தி. அந்தப் போட்டோக்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் கதவு விறகுக்குப் போவதைவிட ஒரு வாசலில் நிற்பது மேல் என்றே நினைக்கிறேன்.

கோயில் சிலை மட்டும் கேட்காதீர்கள், எடுப்பதே இல்லை. 1972 பழம்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று, வெளியூரில் இருந்து வருகிறவர்களிடம் மகன் முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. எதிலும் விலைச்சீட்டு இல்லை, ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுக் கேட்கவேண்டும். மாடிப்படி ரொம்பச் செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் ஏறவேண்டாம்; நல்ல மரப்பெட்டிகள் எல்லாம் மேலேதான் இருக்கின்றன. கண்ணாடிச் சாமானையும் வெறும் பேப்பரில் சுற்றித் தருகிறார்கள், வீட்டுக்கு வருவதற்குள் என் லாந்தர் சிம்னி விரிசல் விட்டுவிட்டது. பழைய துணி கொண்டுபோங்கள். பெரிய சாமானுக்கு மினி லாரி அவர்களே பேசித் தருவார்கள், வாடகை நம்முடையது. மதியம் ஒன்றரைக்குப் பலகை போட்டால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது.