ஹீலியத்தில் கறார், கடிகாரத்தில் கோட்டை விட்டார்கள்

எங்கள் திரவ ஹைட்ரஜன் பம்பை ஓட்டிப் பார்க்க ஒரு பரிசோதனை மேடையை நான்கு நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். அதிர்வைப் பார்ப்பது என் வேலை. அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாயில் காற்று மிச்சமிருந்தால் மைனஸ் 253 டிகிரியில் கல்லாக உறைந்து பம்புக்குள் போய் மோதும். அதை நைட்ரஜன் விட்டுத் துரத்தவும் முடியாது, அதுவே உறைந்துவிடும். ஹீலியம்தான் வேண்டும். மேடைப் பொறுப்பாளர் மூன்று முறை ஹீலியம் செலுத்தினார். இரண்டு போதாதா என்று நாங்கள் முணுமுணுத்ததை அவர் காதில் வாங்கவே இல்லை. குளிரவைப்பதிலும் அதே பிடிவாதம். பேரிங் உறையின் வெப்பநிலை அசையாமல் நிற்கும்வரை பம்பைச் சுழற்றும் டர்பைனின் வால்வில் யாரையும் கை வைக்க விடவில்லை. எண்ணெயே போட முடியாத பேரிங் அது. ஊடே ஓடும் ஹைட்ரஜன்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். பிறகு பிரித்துப் பார்த்தபோது குண்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை.

இனி என் கோபம். ஹைட்ரஜன் தண்ணீரில் பதினான்கில் ஒரு பங்கு கனம்தான். அதற்கு அழுத்தம் ஏற்ற அசுர வேகம் வேண்டும். எங்கள் பம்ப் நிமிடத்துக்கு 36,000 சுற்று. மூன்றாம் நாள், சுழல் வேகத்தின் பாதி அதிர்வெண்ணில் அதிர்வு வரைபடத்தில் திடீரென்று ஒரு கூர்முனை எழுந்தது. நுழைவாய் அழுத்தமும் சரிந்தது. எது முந்தியது? அழுத்தம் என்றால் சந்தேகம், அழுத்தம் குறைந்த இடத்தில் திரவம் கொதித்து எழும் குமிழிகள்மீது. 1999இல் ஜப்பானின் எச்-2 ராக்கெட்டின் ஹைட்ரஜன் பம்பை உடைத்தவை அவைதான். அதிர்வு என்றால் தண்டே தள்ளாடுகிறது. 1976இல் அமெரிக்க விண்வெளி ஓட இன்ஜினின் சோதனைகளைப் படுத்திய நோய் அது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

மேடையின் பதிவுகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. அழுத்தம் ஒரு கடிகாரத்தில் பதிவாகிறது, அதிர்வு இன்னொன்றில். நடுவே 40 மில்லி செகண்ட் வரை முன்பின் இருக்கலாமாம். "இதுவரை யாரும் குறை சொன்னதில்லையே" என்றார்கள். அதற்குள் எங்கள் தண்டு 24 முறை சுற்றிவிடும் ஐயா!

நான்காம் நாள் சொந்தப் பதிவுக் கருவியைக் கொண்டுபோய் இரண்டு சிக்னலையும் அதிலேயே சேர்த்தோம். மீண்டும் அதே கூர்முனை. அழுத்தம் ஒன்பது சுற்று முன்பே சரிந்திருந்தது.

மறுபடி போவேனா? அந்தப் பொறுப்பாளர் இருக்கும்வரை போவேன், கருவியையும் தூக்கிக்கொண்டு. தரவுப் பதிவுக்கென்று தனியாக வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.