கார் இல்லாமல் ஆறு வருஷம்: புதுச்சேரியிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்பிய கதை

2019 கடைசியில் எங்கள் பழைய காரை விற்றோம். முதலியார்பேட்டை சந்தில் அதை நிறுத்த இடம் தேடியே பாதி ஆயுள் போயிருந்தது. விற்ற சில மாதத்தில் கொரோனா வந்ததால் முதல் ஒன்றரை வருஷத்தைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. அதற்கப்புறம் நாற்பது தடவைக்குக் குறையாமல் பஸ்ஸிலேயே ஒருநாள் பயணம் போய்வந்திருக்கிறோம். நான், எழுபத்தொரு வயது அம்மா, எட்டாவது படிக்கும் பையன். வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால் அவர் எப்போதாவதுதான் வருவார்.

முதல் வருஷம் நான் செய்த தப்பு, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதை மட்டும் யோசித்தது. போகும் பஸ் எப்படியும் கிடைத்துவிடும். கழுத்தை அறுப்பது திரும்பும் பஸ்தான். திருவக்கரையில் பட்டேன். கல்மரப் பூங்காவில் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, வக்கிரகாளியம்மனையும் கும்பிட்டுவிட்டு, சாவகாசமாக ரோட்டுக்கு வந்தால் ஐந்தரை மணி பஸ் அன்றைக்கு வரவே இல்லை. பௌர்ணமியாக இருந்தால் அங்கே ஜே ஜே என்று கூட்டம் இருக்கும். அது சாதாரண செவ்வாய்க்கிழமை, நாங்களும் ஒரு நாயும்தான். ஏழு மணிக்கு ஒரு பால் வண்டிக்காரர் பாவம் பார்த்து மெயின் ரோடு வரை ஏற்றிவந்து விட்டார். அம்மா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பெரிய திட்டு.

அன்றிலிருந்து எந்த ஊரில் இறங்கினாலும் முதல் வேலை, கடைசி பஸ் எப்போது என்று கேட்பது. டீக்கடையில் ஒருமுறை, பூக்காரம்மாவிடம் ஒருமுறை. இரண்டு பேரும் ஒரே நேரத்தைச் சொன்னால் நம்பலாம். நாங்கள் ஏறுவது அதற்கு முந்தைய பஸ்ஸில். போனில் காட்டும் நேரத்தைக் கிராமத்துப் பஸ்ஸுக்கு நம்பவே வேண்டாம். பெரிய பஸ் ஸ்டாண்டாக இருந்தால் டைம் கீப்பரிடம் கேளுங்கள், கொஞ்சம் சிடுசிடுப்பார், ஆனால் சரியாகச் சொல்வார்.

அடுத்தது கோயில் நடை. மதியம் பன்னிரண்டு வாக்கில் சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் திட்டம் போடும்போது மறந்துவிடும். சிதம்பரம், பிச்சாவரம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள். நாங்கள் முதல் தடவை காலையில் நடராஜர், அப்புறம் படகு என்று போய், உச்சி வெயிலில் திறந்த படகில் உட்கார்ந்து வெந்து கருகினோம். பையனுக்கு அன்று ராத்திரி காய்ச்சல். மறுதடவை மாற்றிப் போட்டோம். விடியற்காலை பஸ் பிடித்து, சிதம்பரத்தில் இட்லி, அங்கிருந்து பிச்சாவரம் பஸ், வெயில் ஏறுவதற்குள் படகு. மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் தலையில் இடிக்கிற சந்துகளுக்குள் நுழையும். அதையே எடுங்கள். திரும்பி வந்து மதியச் சாப்பாடு, எங்காவது நிழலில் ஒரு தூக்கம், நடை திறந்ததும் தரிசனம். வீடு சேர ராத்திரி பத்தாகும், அதற்குத் தயாராகப் போகவேண்டும். பஸ் செலவு மூன்று பேருக்கும் சேர்த்து ஐநூறைத் தாண்டியதில்லை.

ரயிலில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: புதுச்சேரி ரயில் பாதை முட்டுச்சந்து மாதிரி, விழுப்புரத்தைத் தவிர வேறு பக்கம் போகாது. சிதம்பரத்துக்கு ரயிலில் போவது என்றால் மேற்கே விழுப்புரம் போய் அங்கிருந்து மறுபடி கிழக்கே வரவேண்டும், மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. நான் செய்வது, கடலூர் வரை பஸ். கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான், நேரம் ஒத்துவந்தால் அங்கே ரயில் ஏறிவிடலாம். ஒத்துவராவிட்டால் பஸ் இருக்கவே இருக்கிறது. கடலூர் துறைமுகம் ஜங்ஷன் என்பது ஓ.டி. என்கிற பழைய டவுன் பக்கம் இருக்கும் வேறு ஸ்டேஷன். ஒருமுறை நான் அங்கே இறங்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டைத் தேடிக்கொண்டு நின்றேன், என் அறிவை என்ன சொல்ல.

கடலூரில் அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம் டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. மாநில எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டிவிட்டால் புதுச்சேரிக்காரி, கடலூர்க்காரி என்று யாரும் பார்ப்பதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரை, திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் எல்லாம் இப்படித்தான். கொடுக்கிற பூஜ்ய ரூபாய் டிக்கெட்டை அம்மா பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொள்வார், எதற்கென்று கேட்டால் கோபம் வரும்.

செஞ்சிக்கு மட்டும் அம்மாவை ஒரே தடவைதான் கூட்டிப்போனேன். திண்டிவனம் வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ் செஞ்சி வழிதான். ஊருக்குள் இறங்கிக் கோட்டைக்கு ஆட்டோ பிடிக்கவேண்டும். 2025இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அந்தஸ்து கொடுத்ததில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான், அதற்கப்புறம் கூட்டம் கூடியிருக்கிறது. ராஜகிரி ஏற நினைத்தால் காலை எட்டுக்கெல்லாம் அடிவாரத்தில் இருக்கவேண்டும். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். நாங்கள் பன்னிரண்டு மணிக்குப் போய் கல்யாண மகாலை மட்டும் பார்த்துவிட்டு, குரங்கிடம் ஒரு பொட்டலம் புளிசாதத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்தோம். பௌர்ணமி அன்று இந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் படிக்கட்டில்கூட இடம் கிடைக்காது. முகூர்த்த நாளும் அப்படித்தான், காலண்டரைப் பார்த்துவிட்டே நாள் குறிக்கிறேன்.

மாமல்லபுரம் சுமார். கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்கள் பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும், உள்ளே நடக்கவேண்டும் அல்லது ஆட்டோ. ஞாயிறு மாலை நமக்கு ஒரு லாபம் உண்டு. சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் சென்னைக்குத் திரும்ப, நாம் எதிர்த் திசையில் வீட்டுக்கு வருகிறோம். பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்திருக்கிறது.

யாராவது ஒரே ஓர் ஊர் சொல் என்றால் வடலூர் என்பேன். கடலூரில் மாறினால் நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் போகிற பஸ்கள் வரிசையாக நிற்கும், அதனால் கடைசி பஸ் பயமே இல்லை. வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்னும் எரிகிறது, சாப்பாடு போடுகிறார்கள், வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சத்திய ஞான சபை வாசலில் புலை கொலை தவிர்த்தவர் மட்டுமே உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் மீன் குழம்பு வைக்கிறவள் நான், வெளியிலேயே நின்று கும்பிட்டேன். பையன் எட்டிப்பார்த்துவிட்டு, "பாட்டி மட்டும் போகலாம்மா" என்றான். அம்மா சைவத்துக்கு மாறி மூன்று வருஷம் ஆகிறது.

கழிவறை பற்றி யாரும் எழுதுவதில்லை. வயதானவர்களோடு போனால் நாள் முழுக்கத் திட்டமே அதைச் சுற்றித்தான். பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிவறையில் சில்லறை கேட்பார்கள், வாளி இருக்கும், தண்ணீர் வருமா என்பது அன்றைய ராசி. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பெரிய ஓட்டலாகப் பார்த்து உட்காருவதே எனக்குச் சரிப்பட்டது. சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசில் பாதி அதற்கென்று நினைத்துக்கொள்வேன். அப்படி ஓட்டல் எதுவும் இல்லாத ஊர் என்றால் பாகூர் மாதிரி அரைநாளில் முடித்துவிடுவோம். மூலநாதர் கோயில், ஏரிக்கரையில் கொஞ்ச நேரம், மதியச் சாப்பாட்டுக்கு வீடு.